நைட்ரோ படகு: கரையில் வைத்த நீடில் அளவு ரேஸுக்குப் போதுமா?

நைட்ரோ இன்ஜின் பொருத்திய ரிமோட் கண்ட்ரோல் மாடல் படகைக் கரையில் ஸ்டாண்டில் வைத்து, முழு த்ராட்டிலில் சத்தம் உச்சத்துக்கு ஏறும்வரை மெயின் நீடிலை (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை) மூடினால் ரேஸுக்கு அதுவே சரியான அளவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அது சரியல்ல.

ஸ்டாண்டில் ப்ரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றுகிறது. தண்ணீரில் இன்ஜின் இழுக்கும் சுமையே வேறு. சுமையில்லாமல் முழு த்ராட்டில் கொடுத்தால் கனெக்டிங் ராடே உடையலாம். குளிர்விக்கும் தண்ணீரும் படகு ஓடினால்தான் குழாயில் ஏறும். முக்கியமாக, இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்றுவதில்லை. மெத்தனால், நைட்ரோமீத்தேனோடு எரிபொருளிலேயே கலந்து வருவதுதான் ஆயில். நீடிலை மூட மூட அதுவும் சேர்ந்தே குறையும். சைலன்சரில் வரும் ஆயில் புகையை வீண் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீடிலைச் சற்றுக் கூடுதலாகவே திறந்து வைத்து, தண்ணீரில் சில சுற்று ஓட விடுங்கள். நேர்ப்பாதையில் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும், பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அப்புறம் கரைக்குக் கொண்டுவந்து எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உள்ள கம்பிச்சுருள் ஈரமாகப் பளபளத்தால் நல்லது; சாம்பல் பூத்து நெளிந்திருந்தால் கலவை லீன், அதாவது எரிபொருள் போதவில்லை. சுருள் நன்றாக இருந்தால் மட்டும் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கும் குறைவாக மூடி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.