பயிர்ப் பூச்சியைக் கொல்லக் கூடாது என்று வேதம் சொல்கிறதா?

"பயிர்ப் பூச்சியைக் கொல்வதை வேதம் தடுக்கிறது, பக்தர்கள் வேப்பெண்ணெய் தெளித்தால் உயிர்க்கொலை இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அதர்வ வேதம், 6-ஆம் காண்டம், 50-ஆவது சூக்தம் இதற்கு நேர்மாறானது. எலியையும் துளைக்கும் பூச்சியையும் கொல்லுங்கள், தலையை வெட்டுங்கள், விலாவை நொறுக்குங்கள், யவத்தை (பார்லியை) தின்னவிடாதீர்கள் என்று அசுவினி தேவர்களிடம் வேண்டுகிறது. சாந்தமான பிரார்த்தனை என்று சொல்ல முடியாது!

கொல்லாமை பற்றிய கவலையும் மரபில் உண்டுதான். கலப்பையின் கொழு மண்ணிலுள்ள உயிர்களைக் காயப்படுத்துகிறது என்கிறது மனு ஸ்மிருதி (10:84). ஆனால் அது குறைசொல்வது உழவையே. அதைப் பிடித்துக்கொள்பவர் சோற்றையும் விட வேண்டியிருக்கும்.

வேப்பெண்ணெயிலுள்ள அசாடிராக்டின், புழு தோலுரிப்பதைத் தடுக்கும். புழு சாகத்தான் செய்யும், சற்றுத் தாமதமாக.