சிப்பிப்பாறைக் குட்டிக்கு அடி வேண்டாம், ஆட்டம் காட்டுங்கள்

"இது வேட்டை நாய், சொன்ன பேச்சு கேக்காது. நாலு போட்டாதான் வழிக்கு வரும்." சிப்பிப்பாறை, கன்னி என்ற நம்மூர் வேட்டை நாய் இனங்களை வளர்ப்பவர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த நாய்களின் பெயரைச் சொன்னபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் குட்டியின் முதுகில் விழும் அடி நிற்கவில்லை. நாயை அடிப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கண்ணால் பார்த்து, முயலை விரட்டிப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. லாப்ரடார் தின்பண்டத்துக்குச் சொக்கிப்போகும். சிப்பிப்பாறை பல நேரம் கறித்துண்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காற்றில் ஒரு பாலித்தீன் பை பறந்தால் பாயும். அந்தப் பாய்ச்சலையே கூலியாகக் கொடுங்கள்.

ஒரு குச்சி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பழைய துணி. இவ்வளவுதான் செலவு. துணியைத் தரையோடு இழுத்து ஓடவிடுங்கள், குட்டி துரத்தட்டும். பிறகு நிறுத்தி, "உட்கார்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அது உட்கார்ந்த அந்த நொடியே "பிடி" என்று மறுபடி ஓடவிட வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்த கூலி என்று அதற்குத் தெரியாது. கவ்விக்கொண்டதா? பிடுங்காதீர்கள். கயிற்றைத் தளர்த்திவிட்டு அசையாமல் நில்லுங்கள். அசையாத துணி சீக்கிரமே சலித்துவிடும். வாயைத் திறக்கும்போது "விடு" என்று சொல்லி, உடனே அடுத்த ஓட்டம். விட்டால்தான் ஆட்டம் தொடரும் என்பது சில நாளில் பிடிபட்டுவிடும்.

வெயில் ஏறும் முன் ஐந்து நிமிடம் போதும். ஒரு வயது வரையாவது துணியை உயரத் தூக்கித் துள்ள வைக்க வேண்டாம், எலும்பு முற்றியிருக்காது. அப்புறம், அப்பா "உட்கார்" என்றும் பிள்ளை "சிட்" என்றும் சொன்னால் குட்டி குழம்பும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல்.

"வா" என்ற சொல்லைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே கூப்பிட்டு, தட்டிக்கொடுத்து, திரும்ப விளையாட விடுங்கள். திட்டவும் சங்கிலியில் கட்டவும் மட்டுமே கூப்பிட்டால் எந்த நாய் வரும்? அப்படியே நன்றாகப் பழகினாலும் திறந்த சாலையில் கயிறு இல்லாமல் விடாதீர்கள். எதிரே பூனை ஓடினால் இந்த இனத்தின் வேகத்துக்கு நம் குரல் எட்டாது.

ஷேக்ஹேண்ட் கொடுப்பதை வெறும் வேடிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். விளையாட்டாகக் காலை நீட்டப் பழகிய குட்டிக்குத்தான் நகம் வெட்டுவதும், பாதத்தில் முள் எடுப்பதும் சுலபம். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கும் கொடுமை தேவைப்படாது.