விடுமுறை நாளின் சந்தையும் சமையலும்

விடுமுறையின் இன்பம் வெளியூர்ப் பயணத்தில்தான் இருக்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்ட மதுரை அண்ணா நகரில், ஞாயிறு காலையில் அவசரமின்றிக் கடை கடையாக நின்று, காம்பு வாடாத பிஞ்சுக் கத்தரிக்காயைப் பொறுக்கியெடுத்து, பலகையில் எழுதிய விலைக்கே விளைவித்தவரின் கையிலிருந்து வாங்குவது எனக்குப் பெருமகிழ்ச்சி. வீடு திரும்பியதும் குழம்பு வைப்பதற்காக அதை நான்காகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி, உரித்த சின்ன வெங்காயமும் வறுத்தரைத்த மசாலாவும் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றிவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சிறு தீயில் காத்திருக்க வேண்டும். அலுவலக நாளில் அந்தப் பொறுமைக்கு இடமேது? மறுநாள் குழம்பின் சுவை இன்னும் கூடும் என்பதால், திங்கட்கிழமை மதியத்துக்கும் சிறிது எடுத்து வைத்துவிடுவேன்.