அந்தப் பேப்பரில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தேன். போன மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டேன். "உனக்குத்தான் சம்பளம் சரியா வந்துச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சம்பளம் வந்தது. நண்டு உடைக்கிற பெண்களின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணம்தான் போய்ச் சேரவில்லை. சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் தன் பங்கைப் போட்டு, அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டையும் கட்டவில்லை.

வேதாளையிலிருந்து வருகிற ஒரு அக்கா, மீன்பிடித் தடைக்காலத்தில் நண்டு வரத்துக் குறைந்து வேலையும் குறைந்திருந்த நேரம், போனை நீட்டினார். "வீட்டுக்காரர ஆஸ்பத்திரில சேத்திருக்கு தம்பி. பிஎஃப்ல எவ்வளவு எடுக்கலாம்னு பாருங்க." விரல் முழுக்க ஓடு கீறிய தழும்பு, ஐஸ் தண்ணீரில் ஊறி நுனியெல்லாம் வெளுத்திருந்தது. பாஸ்புக்கைத் திறந்தால், கடைசியாகப் பணம் ஏறியது முந்தின வருஷம். சம்பளச் சீட்டில் மட்டும் பிடித்தம் மாதம் தவறவில்லை.

முதலாளியிடம் கேட்டேன். ஏற்றுமதி படுத்துவிட்டது, பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார். ஏற்றுமதி படுத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. கம்பெனிக்குக் கஷ்டம் என்றால் கம்பெனிப் பணத்தில் கஷ்டப்படட்டும். பிடித்த காசு அந்தப் பெண்களுடையது. அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடி என்கிறது. அது வெறும் பாக்கி இல்லை. பென்ஷனுக்குப் பத்து வருஷக் கணக்கு வேண்டும். வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. மாதாமாதம் பணம் கட்டாமல் விட்டால் அதை வாங்கக் குடும்பம் நாயாய் அலைய வேண்டியதுதான்.

அப்புறம் வெளிநாட்டு வியாபாரி ஆடிட்டுக்கு வருகிறார் என்று, எல்லாம் கட்டியாச்சு என ஒரு பேப்பர் தயார் பண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அன்றைக்கே ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன்.

உப்பிட்டவரைக் காட்டிக் கொடுக்கலாமா என்று சொந்தக்காரர் ஒருவர் வருத்தப்பட்டார். மாமா, விடிவதற்கு முன்னால் வேன் ஏறி வந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று சதை எடுத்துக் கொடுக்கிற அந்தப் பெண்களால்தான் எனக்கும் சம்பளம் வந்தது. எனக்கு உப்பிட்டவர்கள் அவர்கள்தான்.

கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மா, அக்கா இருக்கிற தம்பி தங்கச்சிகள் இன்றைக்கே அவர்கள் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கிலோ கணக்குக் கூலி, கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தது என்று சொல்லித் தட்டிக் கழித்தால் நம்பாதீர்கள், அவர்களுக்கும் பிஎஃப் உண்டு. சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். வேதாளை அக்காவும் இன்னும் சிலரும் பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்று அவர்களிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.