ஐபோனில் குரோமும் சஃபாரியும் ஒரே இன்ஜின்தான்

"ஐபோனில் ஒரு தளம் சஃபாரியில் சரியாக வரவில்லை என்றால் குரோம் போடுங்கள், அதன் இன்ஜின் வேறு" என்று பலர் சொல்வதுண்டு. (இன்ஜின் என்பது தளத்தின் குறியீட்டைப் படித்துத் திரையில் பக்கமாகக் காட்டும் பகுதி.) மேக் கணினிக்கு அந்த யோசனை சரி. ஐபோனுக்குப் பொருந்தாது.

ஆப் ஸ்டோர் விதிப்படி ஐபோனில் வலைப்பக்கம் காட்டும் எந்தப் பிரவுசரும் ஆப்பிளின் வெப்கிட் என்ற இன்ஜினைத்தான் பயன்படுத்த வேண்டும். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாம் அங்கே வெளித்தோற்றத்தில்தான் வேறுபடும். சட்டம் வற்புறுத்திய இடங்களில் மட்டும் தளர்வு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 17.4 முதல் வேறு இன்ஜினுக்கு அனுமதி இருக்கிறது. இந்தியாவில் இல்லை.

நீங்களே பார்க்கலாம். ஐபோன் குரோமில் 'யூசர் ஏஜென்ட்' (பிரவுசர் தன்னைப் பற்றித் தளத்துக்கு அனுப்பும் அடையாள வரி) காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, ஆப்பிள்வெப்கிட் என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்: 605.1.15. சஃபாரியிலும் அதே எண்தான். ஆண்ட்ராய்டு குரோமில் 537.36 என்று வரும். (அங்கேயும் ஆப்பிள்வெப்கிட் என்ற பெயர் இருக்கும், பழைய தளங்களுக்காக விட்டுவைத்த ஒட்டு அது. அதனால் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.)

பிரவுசர் மாற்றியதும் தளம் வேலை செய்ததாகப் பலர் சொல்வது பொய்யில்லை. குரோமில் பழைய குக்கி (தளம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல்) இருக்காது, சஃபாரியில் போட்ட விளம்பரத் தடுப்பானும் அங்கே ஓடாது. தடுப்பானை நிறுத்திவிட்டு, சஃபாரி செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழித்துத் திறந்தால் பெரும்பாலும் சஃபாரியிலேயே சரியாகிவிடும்.