தறுதலைப் பிள்ளைகள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஏரன்ஃபெல்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால், தண்டவாளத்தைத் தாங்கும் வளைவுகளை ஒட்டி ஒரு சிறிய தெரு இருக்கிறது. பார்த்தோலொமாயஸ் ஷிங்க் தெரு. எட்டு மாதம் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தேன். யாரோ பழைய மேயர், இல்லையென்றால் ஒரு பாதிரியார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் நினைவுப் பலகை கண்ணில் பட்டது. அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். மேயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. 16 வயதுப் பையன். பதினேழாவது பிறந்த நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. 1944 நவம்பர் 10 அன்று அவனையும் இன்னும் 12 பேரையும் அங்கே ஊரார் பார்க்கத் தூக்கில் போட்டது நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ. வழக்கு, விசாரணை, தீர்ப்பு எதுவும் கிடையாது.

நாஜி ஆட்சியை எதிர்த்த இளைஞர்கள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மியூனிக்கின் 'வெள்ளை ரோஜா' குழு. 1943 பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகத்தில் துண்டறிக்கைகளோடு பிடிபட்டார்கள் ஹான்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும். நான்கே நாளில், பிப்ரவரி 22 அன்று, நண்பர் கிறிஸ்டோஃப் புரோப்ஸ்டோடு சேர்த்து மூவர் தலையையும் வெட்டிவிட்டார்கள். சோஃபிக்கு 21 வயது. புரோப்ஸ்டுக்கு மூன்று குழந்தைகள். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு எழாது. (அன்று மாலை அதே பல்கலைக்கழக மாணவர்கள் கூடி, அவர்களைப் பிடித்துக்கொடுத்த காவலாளிக்குக் கைதட்டினார்கள். இன்றைக்கு அந்த வாசலில் உள்ள சதுக்கத்துக்கு ஷோல் உடன்பிறப்புகளின் பெயர்.)

ஆனால் ஒரு குறுகுறுப்பு எனக்கு உண்டு. அவர்கள் நன்றாகப் படித்த, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். துண்டறிக்கையில் கதேயும் ஷில்லரும் அரிஸ்டாட்டிலும் லாவோட்சும் மேற்கோளாக வருகிறார்கள். எழுதிய கடிதங்களை இன்றும் கண்கலங்காமல் வாசிக்க முடியாது. இப்படிப்பட்டவர்களைத் தியாகிகள் என்று சொல்ல எந்த அரசுக்கும் கூச்சம் இருக்காது. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஷோல் பெயர் வைத்தாயிற்று. ஷிங்கின் சங்கதி வேறு. அவன் தறுதலை.

தறுதலை என்பது என் சொல்தான். ஊர்ப் பெரியவர்கள், போலீஸ், போருக்குப் பிந்தைய அதிகாரிகள் எல்லோரும் சொன்னதன் சாரம் அதுவே.

தங்களை 'எடெல்வைஸ் கடற்கொள்ளையர்' என்று அழைத்துக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். கொலோன், டுசல்டோர்ஃப், எஸ்ஸன், வுப்பர்டால் என்று ரைன், ரூர் பகுதித் தொழில் நகரங்களில் வளர்ந்தவர்கள். பெரும்பாலோர் 14 வயதில் பள்ளியை முடித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர்கள். ஹிட்லர் இளைஞர் அணியில் சேர்வது 1939 முதல் சட்டப்படி கட்டாயம். அங்கே போனால் அணிவகுப்பு, சீருடை, உத்தரவு. நாளெல்லாம் உழைத்துவிட்டு வரும் பையனுக்கு, தன்னைவிட ஒரு வயது மூத்தவன் ஊதல் ஊதி "நட, நில்" என்றால் பற்றிக்கொண்டு வராதா? கட்டம் போட்ட சட்டை, அரைக்கால் சட்டை, வெள்ளைக் காலுறை, கழுத்துப்பட்டையில் ஆல்ப்ஸ் மலைப் பூவான எடெல்வைஸ் சின்னம், தோளில் கிதார் என்று சனி ஞாயிறுகளில் ஸீபன்கெபிர்கே குன்றுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பெண்பிள்ளைகளும் கூடவே போவார்கள். ஹிட்லர் அணியில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்பதால் இதுவே பெரிய குற்றம். பழைய பாட்டுகளின் வரிகளை மாற்றி ஆட்சியைக் கிண்டலடித்துப் பாடுவார்கள். வழியில் இளைஞர் அணியின் ரோந்துப் படை எதிர்ப்பட்டால் அடிதடி.

இதெல்லாம் ஒரு எதிர்ப்பா, விடலைத்தனம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கெஸ்டபோவிடம் கேட்டிருக்க வேண்டும். 1942 டிசம்பர் 7 அன்று ஒரே வீச்சில் 28 குழுக்களைச் சேர்ந்த 739 பேரைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் பலருக்கு மொட்டையடித்து அனுப்பினார்கள். சிலரைச் சீர்திருத்தப் பள்ளிக்கும் முகாமுக்கும் அனுப்பினார்கள். 1944 அக்டோபரில், போலீஸ் அத்தனைக்கும் தலைவரான ஹிம்லரே இளைஞர் கும்பல்களை ஒடுக்கத் தனி உத்தரவு போட்டார். இரண்டு பக்கமும் போர் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், கிதார் வைத்திருக்கும் பொடியன்களுக்காக ஒரு உத்தரவு!

ஏரன்ஃபெல்டில் விவகாரம் பாட்டோடு நிற்கவில்லை. குண்டுவீச்சில் இடிந்துபோன பகுதி அது. வதைமுகாமிலிருந்து தப்பிவந்த ஹான்ஸ் ஷ்டைன்ப்ரூக் என்பவரைச் சுற்றி ஒரு குழு சேர்ந்தது. ஷிங்கும் அதில் இருந்தான். ஒரு நிலவறையில் யூதர்களையும், படையை விட்டு ஓடிவந்தவர்களையும், தப்பிய கட்டாயத் தொழிலாளர்களையும் ஒளித்துவைத்தார்கள். ஒளிந்திருப்பவர்களுக்கு ரேஷன் அட்டை கிடையாது. ஆகவே திருடினார்கள். ஆயுதமும் சேர்த்தார்கள். ஒரு நாஜி உள்ளூர்த் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவர்களுக்கு வெள்ளையடிக்க எனக்கு விருப்பமில்லை. போர் முடிந்தபின் இதே சின்னத்தை அணிந்த சில கும்பல்கள் போலந்து அகதிகளைத் தாக்கியதும் உண்மை. கள்ளச்சந்தை எங்கே முடிகிறது, எதிர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட அந்த நிலவறையில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது அதற்குப் பிறகு நடந்ததை நினைத்துத்தான். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் இழப்பீடு கேட்டபோது, அரசியல் காரணத்துக்காகப் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை, குற்றவாளிகள் என்று சொல்லி மறுத்தார்கள். குற்றவாளி என்பதற்குச் சான்று எங்கிருந்து வந்தது? கெஸ்டபோ எழுதிவைத்த கோப்புகளிலிருந்து. தூக்கில் போட்டவன் எழுதிய காரணத்தையே ஜனநாயக அரசின் குமாஸ்தா நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஷிங்க், ஜான் யூலிஷ், மிஷாயேல் யோவி ஆகிய மூவரையும் யூதர்களைக் காத்தவர்கள் என்று இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் 1984-இல் கௌரவித்தது. அதற்குப் பிறகும் சொந்த நாட்டில் வாய்தா. எதிர்ப்புப் போராளிகள் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2005-இல். தூக்குக்கும் அதற்கும் நடுவில் 60 ஆண்டுகளுக்கு மேல்.

வெள்ளை ரோஜா பிள்ளைகளுக்கு வராத சந்தேகம் இவர்களுக்கு மட்டும் ஏன் வந்தது? என் பதில் அத்தனை நாகரிகமானது இல்லை. இவர்கள் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். மேற்கோள் காட்டத் தெரியாது. சாகும் முன் அழகான கடிதம் எழுதிவைக்கவில்லை. நாஜி காலத்தில் வாய்மூடிக் கிடந்த அக்கம்பக்கத்துக்காரர்களுக்கோ, தெருமுனையில் கிதார் வாசித்தவன் சரியாக இருந்தான் என்று ஒப்புக்கொள்வது மானப் பிரச்சினை. படித்த மாணவனின் வீரம் எட்டாத உயரம், அதனால் யாரையும் உறுத்தாது. பக்கத்து வீட்டுத் தறுதலையின் வீரம் "நீ என்ன செய்தாய்" என்று கேட்கும்.

ஜான் யூலிஷ் 15 வயதில் கெஸ்டபோவிடம் அடிவாங்கி உயிர் பிழைத்தவர். பிறகு கொலோனில் மதுக்கடை நடத்தினார், கார்னிவல் கொண்டாட்டங்களில் ஊரறிந்த முகமானார். 2011-இல் இறந்தார். 'மூக்கி' என்று அழைக்கப்பட்ட கெர்ட்ரூட் கோஹ் 2016 வரை இருந்தார். அவருடைய அப்பா கம்யூனிஸ்ட், வதைமுகாமில் இறந்தவர். கொலோனில் இப்போது இவர்கள் பெயரில் இசை விழா நடக்கிறது. பழைய பாட்டுகளை இளைஞர்கள் புதிய மெட்டில் பாடுகிறார்கள்.

கொலோனுக்கு வருபவர்கள் தேவாலயக் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து நடந்தே போகலாம், எல்-டே இல்லம் என்ற கட்டடம். கெஸ்டபோ தலைமையகமாக இருந்தது. போருக்குப் பின் நகராட்சி அலுவலகங்கள் குடியேறி, கீழ்த்தளச் சிறை கோப்புக் கிடங்காகக் கிடந்தது. இப்போது அருங்காட்சியகம். அங்கே பத்துச் சிறு அறைகள், சுவர்களில் சுமார் 1,800 எழுத்துப் பொறிப்புகள். ஆணியால், கரித்துண்டால், உதட்டுச் சாயத்தால், நகத்தால். ஜெர்மன், ரஷ்யன், உக்ரைன், பிரெஞ்சு மொழிகளில். குனிந்துதான் படிக்க வேண்டும், விளக்கு மங்கல். நான் போன அன்று ஒரு பள்ளி வகுப்பும் வந்திருந்தது. பதினைந்து, பதினாறு வயது. கடைசி வரிசையில் இருந்த ஒருவன் கையைப் பையில் விட்டுக்கொண்டு மெதுவாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். ஆசிரியை திரும்பி முறைத்தார்.