நூல் வேறு, பிரதி வேறு

டேட்டா மாடலிங், அதாவது தரவுத்தளத்தில் எந்தத் தகவலை எந்த டேபிளில் வைப்பது என்று திட்டமிடுவதைக் கற்க, நார்மலைசேஷன் விதிகளில் (ஒரே தகவல் பல இடங்களில் பதிவாகாதபடி டேபிள்களைப் பிரிக்கும் விதிகள்) தொடங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. கணினி அறிஞர் பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த என்டிட்டி-ரிலேஷன்ஷிப் படத்தை, அதாவது எவற்றைப் பற்றிய தகவல்கள், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் படத்தை, கையால் வரைந்து பழகுவதே நல்ல தொடக்கம். நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வேறு, அதன் பிரதி வேறு. இரவல் போவது பிரதிதான். இரண்டையும் ஒரே டேபிளில் போட்டால், ஐந்து பிரதிகளுக்கும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஐந்து முறை பதிவாகும். ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற நான்கும் பழையபடியே நிற்கும். இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவருக்கு மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்ற நார்மலைசேஷன் விதி எதற்கு என்று விளக்கவே வேண்டாம். அப்புறம், ஒரு பிரதியைக் காலப்போக்கில் பலர் எடுப்பார்கள், ஒருவரே பல பிரதிகள் எடுப்பார். ஆக, 'இரவல்' என்று தனி டேபிள் வேண்டும்; எடுத்த தேதியும் திருப்பிய தேதியும் அங்கேதான் சேரும்.